பழைய மரப் படகு: சந்தெல்லாம் விரிந்து கிடக்கிறது, கலப்பத்து மட்டும் அடித்தால் போதுமா?

#1 அமரத்தான்

நீளம் 8.5 மீட்டர். விளிம்போடு விளிம்பு சேர்த்த கட்டு. பலகை தேக்கு, 25 மி.மீ. கனம், சராசரி அகலம் 120 மி.மீ. வங்குகள் (பலகைகளை உள்ளிருந்து தாங்கும் விலாச் சட்டங்கள்) 45×35 மி.மீ., 25 செ.மீ.க்கு ஒன்று. ஆணிகளில் பாதி இரும்பு, பாதி பித்தளை ஸ்க்ரூ. இரண்டு கோடை கரையிலேயே கிடந்ததில் சில சந்துகள் 3 மி.மீ. வரை விரிந்து, உள்ளிருந்து பார்த்தால் வெளிச்சம் தெரிகிறது.

திட்டம் இது: பழைய பஞ்சு முழுவதையும் பிடுங்கி, புதிதாகக் கலப்பத்து அடித்து (சந்துகளில் பஞ்சைத் திணித்து அடைத்து), மேலே எபாக்சி பட்டி (புட்டி) பூசி, கடைசியில் ஃபைபர்கிளாஸ் இரண்டு அடுக்கு. இந்த வரிசையில் ஏதாவது தவறா?

#2 உளிவாய்

தவறு வரிசையில் மட்டும் இல்லை. எபாக்சி பட்டியைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள்.

பச்சை மரம் முழுக்க உலரும்போது தேக்கு, வளர்ச்சி வளையத்தை ஒட்டிய திசையில் ஏறத்தாழ 5 சதவீதம் சுருங்கும். வளையத்துக்குக் குறுக்கே அதில் பாதி. நீளவாக்கில் இல்லையென்றே சொல்லலாம். இந்தச் சுருக்கம் ஈரப்பதம் 28–30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் நடக்கும். உங்கள் பலகை இப்போது 12 சதவீதத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுக்க ஊறினால் 120 மி.மீ. பலகை 3 மி.மீ.க்கு மேல் விரியும். அந்த வெளிச்சத்தின் கதை அவ்வளவுதான். சந்து கெட்டுப்போகவில்லை, பலகை தாகத்தோடு இருக்கிறது.

விரிந்த சந்தில் கல் மாதிரி இறுகும் பட்டியை நிரப்பித் தண்ணீரில் இறக்கினால் பலகை விரிய இடம் இருக்காது. தள்ளுகிற விசை எங்கே போகும்? ஆணியைப் பிடுங்கும், இல்லாவிட்டால் வங்கை உடைக்கும். அரை அங்குலம் கூட ஓடாத படகில் வரிசையாக வங்கு உடைந்திருந்தால் பல நேரம் காரணம் அலை கிடையாது, இதுதான்.

முதலில் நிழல் போடுங்கள். உள்ளே ஈரச் சாக்கு விரித்து உப்புத் தண்ணீர் தெளியுங்கள். நல்ல தண்ணீர் வேண்டாம், அது உளுப்புக்கு விருந்து. இரண்டு மூன்று வாரத்தில் எந்தச் சந்து தானாக மூடுகிறது, எது மூடவில்லை என்பது தெரிந்துவிடும். மூடாதவைதான் உங்கள் வேலை.

#3 ஏராக்கட்டை

உளிவாய் சொன்னதோடு ஒன்று. படகு எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது?

எடை முழுவதும் ஏராவின் (படகின் முதுகெலும்பான அடிக்கட்டை) கீழ் நிற்க வேண்டும். பக்கவாட்டு முட்டுகள் சாயாமல் பிடிக்க மட்டும். முட்டில் எடை ஏறினால் அந்த இடத்தில் பலகை உள்வாங்கும்; வங்கு ஏற்கெனவே பலவீனமாக இருந்தால் அங்கேயே ஒடியும். ஏராவுக்கு ஒன்றரை மீட்டருக்கு ஒரு கட்டை வையுங்கள். அணியமும் (முன்முனை) அமரமும் (பின்முனை) தொங்கக் கூடாது.

பிறகு ஏராவின் பக்கவாட்டில் இரு முனைக்கும் மெல்லிய கம்பியை இறுக்கிக் கட்டி, அரை மீட்டருக்கு ஒருமுறை இடைவெளியை அளந்து எழுதுங்கள். நடு மேலே எழும்பி முனைகள் தொங்கியிருந்தால் பழைய படகின் வழக்கமான முதுகு வளைவு அது. மெதுவாக, நாளுக்கு 2–3 மி.மீ. வீதம், நடுக்கட்டையின் ஆப்பைத் தளர்த்தி முனைகளை ஏற்றுங்கள். ஒரே நாளில் நிமிர்த்தப் பார்த்தால் முனைப் பலகைகள் முனைத் தண்டிலிருந்து கழன்று வரும். ஓரளவு வளைவு அப்படியே நிற்கும். அதை ஏற்றுக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

வடிவம் திரும்பிய பிறகு உள்ளே குறுக்குக் கட்டைகள் அடித்து அதைப் பூட்டுங்கள். பூட்டாமல் ஒரு பலகையைக் கூடக் கழற்றாதீர்கள்.

#4 அமரத்தான்

கம்பி கட்டிப் பார்த்தேன். நடுவில் 14 மி.மீ. எழும்பல். வயிறு வளைகிற இடத்தில் இடப்பக்கம் நான்கு வங்கு, வலப்பக்கம் மூன்று வங்கில் விரிசல். உளுப்பை எங்கே தேடுவது? ஈரமானி காட்டும் எண்ணை நம்பலாமா?

#5 உளிவாய்

உப்பு ஏறிய மரத்தில் ஈரமானி பொய் சொல்லும், எப்போதும் கூட்டியே காட்டும். ஒரே பலகையில் இடத்துக்கு இடம் ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள்.

சிறிய சுத்தியலின் பிடியால் தட்டுங்கள். நல்ல மரம் கணீரென்று திரும்பும், கெட்டது ‘பொத்’தென்று விழும். சந்தேகப்பட்ட இடத்தில் மட்டும் குத்தூசி. நல்ல மரத்தில் ஊசியை நெம்பினால் நீள நார் சிலும்பும். உளுத்ததில் பிஸ்கட் உடைகிற மாதிரி குறுக்கே நொறுங்கும். ஊசியை எல்லா இடத்திலும் குத்திப் படகைச் சல்லடையாக்க வேண்டாம்.

தேட வேண்டியது பெரும்பாலும் நீர்மட்டத்துக்கு மேலேதான். உப்புநீரில் மூழ்கிய மரம் உளுப்பது குறைவு, மழைநீர் தேங்கும் மரம்தான் போகும். தளத்தின் விளிம்புக்குக் கீழே வங்கின் தலைகள், பின்பலகையின் மேல் மூலைகள், பாய்மரம் உட்காரும் கட்டை, பலகை முனை சேரும் இடத்தில் உள்ளே அடித்த ஒட்டுக்கட்டையின் மேல்பக்கம் (அது சரிவாக இல்லாவிட்டால் நீர் அங்கேயே நிற்கும்). கீழே என்றால் ஏராவை ஒட்டிய முதல் பலகையும் அணியத் தண்டின் அடியும். கடலில் கிடந்த படகுக்குக் கப்பல் புழு தனிக் கவலை. வெளியே குண்டூசித் தலை அளவு துளை, உள்ளே விரல் நுழைகிற குடைவு. வெளித்தோற்றத்தை நம்பாதீர்கள்.

#6 செம்பாணி

எல்லோரும் மரத்தைப் பார்க்கிறீர்கள். இந்தப் படகின் உண்மையான நோய் #1-லேயே இருக்கிறது: பாதி இரும்பு, பாதி பித்தளை.

பித்தளையில் உள்ள துத்தநாகத்தைக் கடல்நீர் உருவிவிடும். மிச்சம் இளஞ்சிவப்பு நிறச் செம்புப் பஞ்சு. ஸ்க்ரூ பார்க்க முழுசாக இருக்கும், திருகினால் கழுத்தில் முறியும். இரும்பு வேறு மாதிரி: துருவேறிப் பருத்து மரத்தைப் பிளக்கும், சுற்றியுள்ள மரத்தைக் கருக்கி மென்மையாக்கும். இரண்டும் ஒரே ஈரப் பலகையில் இருந்தால் இரும்பு இன்னும் வேகமாகப் போகும். இது பழைய பாடம். பிரிட்டிஷ் போர்க்கப்பல் ‘அலாரம்’ 1761-இல் செம்புத் தகடு போர்த்தப்பட்டது. 1763-இல் பிரித்துப் பார்த்தபோது தகட்டோடு ஒட்டிய இரும்பு ஆணிகள் அரித்துப்போயிருந்தன, இடையில் காகிதம் தங்கியிருந்த இடத்தில் மட்டும் நன்றாக இருந்தன.

மாதிரிக்கு 10–12 ஸ்க்ரூ எடுங்கள்: ஏராவை ஒட்டிய பலகையில் நான்கு, வயிற்று வளைவில் நான்கு, முனைகளில் மிச்சம். மூன்றில் ஒன்று மெலிந்திருந்தாலே முழுக்க மாற்றுவது என்று முடிவெடுங்கள்.

மாற்று: சிலிக்கான் வெண்கலம். 25 மி.மீ. பலகைக்கு 50 மி.மீ. நீளம், 6 மி.மீ. தடிமன். பழைய துளை பெருத்திருந்தால் அதை மரக்குச்சியும் பசையும் போட்டு அடைத்துவிட்டு, பக்கத்தில் புதிதாகத் துளையிடுங்கள். ஸ்க்ரூவுக்குத் தேன்மெழுகு தடவுங்கள். தலை 8 மி.மீ. உள்ளே இறங்கட்டும், மேலே மரக்குமிழ். குமிழின் ரேகை பலகையின் ரேகையோடு போக வேண்டும். அதை வார்னிஷில் நனைத்து வையுங்கள், எபாக்சியில் வேண்டாம். அடுத்த முறை கழற்றுகிறவர் உங்களைத் திட்டக் கூடாது.

#7 நங்கூரன்

316 ஸ்டெயின்லெஸ் விலை குறைவு, எங்கும் கிடைக்கிறது. அது ஆகாதா?

#8 செம்பாணி

நீர்மட்டத்துக்கு மேலே ஆகும். கீழே ஆகாது. ஸ்டெயின்லெஸ் எஃகு துருப்பிடிக்காமல் இருப்பது மேலே உள்ள மெல்லிய ஆக்சைடு படலத்தால். அந்தப் படலத்துக்குக் காற்றின் ஆக்சிஜன் வேண்டும். ஈர மரத்துக்குள் புதைந்த தண்டுக்கு அது கிடைக்காது. பலகையும் வங்கும் சேரும் இடத்தில் குழி விழுந்து அரிக்கும். தலை பளபளவென்று இருக்கும், கழுத்து நூலாகியிருக்கும். பித்தளையைவிட மோசமான ஏமாற்று இது.

#9 வளைதச்சன்

வங்குக்கு வருவோம். ஏழு விரிசல். பழையதன் பக்கத்தில் புதிய வங்கு சேர்ப்பதுதான் எல்லோரும் செய்வது. அதில் இரண்டு பிழை நடக்கும்.

ஒன்று, எல்லாத் துணை வங்குகளையும் ஒரே பலகையில் முடிப்பது. அங்கே புதிதாக ஒரு மடிப்புக்கோடு உண்டாகி அடுத்த விரிசல் அங்கேதான் வரும். முனைகளை ஒன்றுவிட்டு ஒன்று ஏற்றி இறக்குங்கள், முனையைச் சீவி மெலிதாக்குங்கள். இரண்டு, பழையதோடு ஒட்டினாற்போல வைப்பது. இடையில் நீர் நின்று இரண்டும் சேர்ந்து உளுக்கும். விரல் நுழைகிற இடைவெளி விடுங்கள்.

ஆவியில் வளைப்பதானால் 25 மி.மீ. கனத்துக்கு ஒரு மணி நேரம் கணக்கு. உங்கள் 35-க்கு ஒன்றரை மணி. சூளையில் உலர்த்திய மரம் வளையாது, முறியும். காற்றில் உலர்ந்தது, இன்னும் ஈரம் மிச்சமுள்ளது வேண்டும். வளையங்கள் பலகைக்கு இணையாகப் படுக்க வேண்டும், அப்போதுதான் ஸ்க்ரூ பிளக்காது. பெட்டியிலிருந்து எடுத்த மரத்துக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவான ஆயுள்தான்; கிளாம்புகள் எல்லாம் திறந்து தயாராக இருந்த பிறகே கதவைத் திறங்கள்.

தேக்கு ஆவிக்கு அவ்வளவாக வளையாது. தேக்கிலேயே வேண்டுமென்றால் 5 மி.மீ. கனமுள்ள ஏழு மரப்பட்டிகளை எபாக்சியில் ஒட்டி அடுக்குவது நல்லது. தேக்கின் எண்ணெயை ஒட்டுவதற்குச் சற்று முன்னால் அசிட்டோன் தொட்ட துணியால் துடையுங்கள். நேற்றுத் துடைத்தது இன்றைக்கு ஆகாது, எண்ணெய் மேலே வந்துவிடும். கிளாம்பை வெறிகொண்டு இறுக்கினால் பசை முழுவதும் வெளியே வந்து மூட்டு பட்டினி கிடக்கும்.

எத்தனை வங்கு மாற்றினாலும் ஒரே நேரத்தில் மூன்றில் ஒன்றுக்கு மேல் கழற்றாதீர்கள்.

#10 அமரத்தான்

ஏராவை ஒட்டிய வலப்பக்கப் பலகை 1.8 மீட்டர் தூரத்துக்கு நொறுங்குகிறது. புதிய பலகையின் வடிவத்தை எப்படி எடுப்பது? பழையது துண்டுதுண்டாகத்தான் வரும் போலிருக்கிறது.

#11 வளைதச்சன்

பழையது முழுசாக வந்தாலும் அதை அச்சாக வைக்காதீர்கள். அது சுருங்கியிருக்கும், சுற்றியுள்ள வடிவமும் மாறியிருக்கும்.

4 மி.மீ. பிளைவுட் பட்டி ஒன்றை, துளையைவிட இரு பக்கமும் 2 செ.மீ. குறைவாக அறுத்து, வங்குகளின்மேல் படுக்க வையுங்கள். அது தானாகப் படுகிற மாதிரியே படுக்க வேண்டும். விளிம்போரமாக நெளித்துத் திணித்தீர்களானால் எல்லா அளவும் கெட்டது. நான்கு சிறு ஆணியில் நிறுத்துங்கள். காம்பஸை 40 மி.மீ.க்குத் திறந்து திருகை இறுக்குங்கள். வேலை முடியும்வரை அந்த அளவைத் தொடவே கூடாது. பக்கத்துப் பலகையின் விளிம்பில், உள்விளிம்பில், ஊசிமுனையை வைத்துப் பட்டியின்மேல் சிறு வில் வரையுங்கள். ஒவ்வொரு வங்குக்கும் மேலே ஒன்று கீழே ஒன்று, வளைவு கூடிய இடத்தில் நெருக்கமாக. பட்டியைக் கழற்றிப் புதுப் பலகைமேல் வைத்து, இப்போது வில்லின்மேல் இரண்டு இடத்தில் ஊசி குத்திப் பலகையில் இரண்டு வில் போட்டால் அவை வெட்டுமிடம்தான் உண்மையான விளிம்புப் புள்ளி. புள்ளிகளை வளையும் சட்டத்தால் இணையுங்கள். ஒரு புள்ளி மட்டும் தள்ளி நின்றால் கோட்டை நம்புங்கள், புள்ளியை அல்ல.

அறுக்கும்போது கோட்டுக்கு வெளியே 2 மி.மீ. விட்டு, மீதியை இழைப்புளியில் எடுங்கள். பலகையின் உட்பக்க மூன்றிலொரு பங்கு கனம் பக்கத்துப் பலகையோடு முழுக்க ஒட்டி நிற்க வேண்டும். வெளிப்பக்க மூன்றில் இரண்டு பங்கு மட்டும் சரிவாகத் திறந்து, மேலே ஒன்றரை மி.மீ. வாய். அந்த வாய்தான் பஞ்சுக்கு.

முனைகளைப் பொருத்தும் இடம் இரண்டு வங்குகளுக்கு நடுவில், உள்ளே ஒட்டுக்கட்டையோடு. அடுத்தடுத்த பலகைகளின் முனைகளுக்கிடையே மூன்று வங்கு இடைவெளியாவது வேண்டும். அதே இடைவெளியில் இன்னொரு முனை வரவேண்டுமானால் நடுவில் மூன்று பலகை கடந்திருக்க வேண்டும். அதனால் 1.8 மீட்டர்தான் கெட்டது என்றாலும் நீங்கள் மாற்றப்போவது 2.5 மீட்டராக இருக்கலாம்.

#12 நங்கூரன்

உளுத்த இடத்தில் நீர்போன்ற எபாக்சியை ஊற்றி இறுக்கிவிடலாமே? எதற்கு இத்தனை அறுவை?

#13 உளிவாய்

அது இறுகும், வலு வராது. நார் உடைந்த மரத்தில் பிசின் ஏறினால் கிடைப்பது கெட்டியான உளுப்பு. பிசின் எட்டாத ஈரம் பின்னால் பூட்டிக்கொண்டு வேலையைத் தொடரும். சுமை தாங்காத அலங்கார மரத்துக்குச் செய்யுங்கள், வங்குக்கும் பலகைக்கும் வேண்டாம்.

கண்ணுக்குத் தெரியும் உளுப்புக்கு அப்பால் ரேகையோடு 30 செ.மீ. தள்ளி அறுங்கள். மிஞ்சிய நல்ல மரத்துக்குப் போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசல், 6-க்கு 4 என்ற எடைவீதத்தில், வெந்நீரில் கரைகிற அளவு. மூன்று முறை ஊற ஊறப் பூசுங்கள். நீரில் கரைந்து போகிற உப்பு என்பதால் நீர்மட்டத்துக்கு மேலே மட்டும்தான் பயன். மேலே பெயிண்ட் மூட வேண்டும்.

#14 பஞ்சுத்திரி

இனிக் கலப்பத்து. வங்கும் ஆணியும் முடிந்த பிறகுதான் இது. ஆணி பிடிக்காத பலகையில் பஞ்சை அடித்தால் பலகை வெளியே நடக்கும்.

பழைய பஞ்சு முழுவதையும் பிடுங்காதீர்கள். இறுக்கமாக, உலர்ந்து, வாசனையில்லாமல் இருந்தால் அதைவிட நல்ல அடைப்பு உங்களுக்குக் கிடைக்காது. மட்கியதையும் தளர்ந்ததையும் மட்டும் கொக்கியால் இழுங்கள். மின்ரம்பம், ரவுட்டர் எதையும் சந்துக்குள் விடாதீர்கள். உட்பக்கத்து ஒட்டும் விளிம்பு ஒருமுறை போனால் பஞ்சு நேரே உள்ளே விழும், பிறகு மரக்கீற்று ஒட்டித்தான் சரிசெய்ய வேண்டும்.

25 மி.மீ. பலகைக்குப் பஞ்சு போதும், சணல்நார் வேண்டாம். முழுத்திரியை இழை பிரித்து, சந்தின் அகலத்துக்குத் தக்கபடி எடுங்கள். நேராக வைக்காமல் சிறுசிறு மடிப்பாகத் திணித்துக்கொண்டே ஒரு மீட்டர் போங்கள். அகலமான இடத்தில் மடிப்பு நெருக்கமாக, குறுகிய இடத்தில் விரிவாக. பிறகு திரும்பி வந்து உளியால் இறக்குங்கள். உளியின் வாய் சந்தைவிட மெலிதாக இருக்க வேண்டும், கூராக இருக்கக் கூடாது.

காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பஞ்சு தளர்வாக இருக்கும்போது கொட்டாப்புளியின் அடி மொத்தென்று கேட்கும், உளி துள்ளாது. இரண்டு மூன்று அடியில் சத்தம் ஏறி, உளி கையில் எதிர்த்துத் துள்ளும். அங்கே நிறுத்துங்கள். அதற்கு மேலே ஒரு அடி என்றால் வங்குக்குத்தான் வலிக்கும். பஞ்சு மேல்மட்டத்துக்கு 5–6 மி.மீ. கீழே நிற்க வேண்டும். ஒரு சந்தை அடிக்கும்போது பக்கத்துச் சந்து தளரும், அதனால் இரு பக்கமும் மாறிமாறி அடித்து, மறுநாள் எல்லாவற்றையும் மீண்டும் தட்டிக் கேளுங்கள்.

அடுத்து, மெலிதாக்கிய பிரைமரைச் சிறு தூரிகையால் பஞ்சின்மேல் ஊட்டுங்கள். பழைய வழக்கம் செவ்வீயம். விஷம் என்பதால் இப்போது வேறு எண்ணெய்ப் பிரைமர். காய்ந்தபின் இறுகாத சந்துப் பட்டி. மட்டமாக வழிக்காமல் உள்குழிவாக விடுங்கள். பலகை ஊறியதும் பட்டி தானாக வெளியே வந்து மட்டமாகும். வறண்ட படகில் மட்டமாக வழித்தால் ஒரு மாதத்தில் கயிறு ஒட்டியது போலப் புடைக்கும்.

ஒன்றின்மேல் ஒன்று ஏறிய பலகைக் கட்டுக்கு இந்தப் பதிவு எதுவும் பொருந்தாது. அதில் கலப்பத்து அடித்தால் பலகைகளை நெம்பிப் பிரித்துவிடுவீர்கள்.

#15 நங்கூரன்

ஃபைபர்கிளாஸ் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. எத்தனையோ படகுகள் அதில்தான் ஓடுகின்றன.

#16 ஏராக்கட்டை

ஓடும், சில வருடம். பலகை பருவத்துக்குப் பருவம் அசையும், இரண்டு அடுக்கு கண்ணாடி நார் அசையாது. ஏதோ ஒரு சந்தின் மேல் முடிவிழை போல விரிசல் விழும், அதில் நுழையும் நீருக்கு வெளியேற வழியில்லை. உள்பக்கம் மழைநீரும் இறங்கும். பலகைக்கும் உறைக்கும் நடுவே உளுப்புக்குச் சொந்த வீடு கட்டிக் கொடுத்த கணக்கு.

நியாயமாக ஒரு விதிவிலக்கு உண்டு. நன்றாக உலர்ந்து, எப்போதும் உலர்ந்தே இருக்கப்போகிற, அடிக்கடி தண்ணீரிலிருந்து ஏற்றி வைக்கிற படகில் சந்துகளை அறுத்துச் சீராக்கி மரக்கீற்றுகளை ஒட்டி, அதன்மேல் மெல்லிய மரத்தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக எபாக்சியில் அடுக்குவார்கள். அப்போது படகின் உடல் முழுவதும் ஒரே ஓடாகிவிடும். அது பழுதுபார்ப்பு கிடையாது, பழைய படகை அச்சாக வைத்துப் புதிய படகு கட்டுவது. தண்ணீரிலேயே கிடக்கிற படகுக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

#17 செம்பாணி

துத்தநாகக் கட்டிகளைப் (தாம் அரிபட்டு மற்ற உலோகத்தைக் காப்பவை) பற்றியும் ஒரு வார்த்தை. புதிதாக வெண்கலம் போட்ட உற்சாகத்தில் நான்கைந்து கட்டி மாட்டி, எல்லாவற்றையும் கம்பியால் இணைத்துவிடுவார்கள். வேலியே பயிரை மேய்கிற கதை. காப்பு மிதமிஞ்சினால் உலோகத்தைச் சுற்றிக் காரம் உண்டாகும். காரம் மரத்தின் லிக்னினைக் கரைக்கும். வெண்கலப் பொருத்தைச் சுற்றி வெள்ளைப் பூச்சும், மரம் துவைத்த துணிபோல நார்நாராகவும் இருந்தால் அதுதான். பினாப்தலீன் ஒரு சொட்டு விட்டால் இளஞ்சிவப்பாகும். வினிகர் கலந்த நீரால் கழுவி, கட்டியைக் குறையுங்கள். வெள்ளி குளோரைடு மின்முனையில் அளந்தால் மைனஸ் 550 முதல் 600 மில்லிவோல்ட் போதும்.

1824-இல் ஹம்ஃப்ரி டேவி செம்புத் தகட்டைக் காக்க இரும்பும் துத்தநாகமும் மாட்டிப் பார்த்தபோதும் இப்படி ஒரு பக்கவிளைவுதான். செம்பு அரிக்கவில்லை, அரிக்காத செம்பில் கொட்டலசு (ஒட்டி வாழும் ஓட்டு உயிரி) தாராளமாக ஒட்டிக்கொண்டது.

#18 அமரத்தான்

பழைய பெயிண்டைச் சுரண்டித்தான் ஆக வேண்டும். சூடேற்றி எடுக்கலாமா? இன்னொன்று: இறக்குவதற்கு முன் படகுக்குள் தண்ணீர் நிரப்பி ஊறவைக்கச் சொல்கிறார்கள். சரியா?

#19 பஞ்சுத்திரி

சூடு வேண்டாம். பழைய அடுக்குகளில் ஈயம் இருக்கும். அடிப்பூச்சில் டின் சேர்மம் (கடலுயிர்கள் ஒட்டாமல் தடுக்கும் நஞ்சு) இருக்கலாம். 2008-இல் உலகளவில் அதற்குத் தடை நடைமுறைக்கு வருவதற்கு முந்தைய அடுக்கு எது என்று கண்ணால் சொல்ல முடியாது. ஈரமாக வைத்துச் சுரண்டுங்கள், வடிகட்டி முகமூடி கட்டாயம், கீழே தார்ப்பாய் விரித்துச் சுரண்டலை முழுக்க அள்ளுங்கள். வெளிப்பக்கத்துக்கு வெளிர் நிறம் பூசுங்கள். கறுப்பு நீலம் எல்லாம் வெயிலை இழுத்து மேல் சந்துகளைத் திறந்துவிடும்.

தண்ணீர் நிரப்புவது வேண்டவே வேண்டாம். ஒரு கன மீட்டர் நீர் ஒரு டன். கடல் வெளியிலிருந்து உள்ளே தள்ளும். நீங்கள் நிரப்புவது உள்ளிருந்து வெளியே தள்ளும். புது ஆணி எல்லாம் தவறான பக்கம் இழுபடும், முட்டுகளின் கதி வேறு. ஈரச் சாக்கும் உப்புநீருமே போதும்.

இறக்கியதும் தூக்குப் பட்டையை அவிழ்க்காதீர்கள், முதல் இரவு அதிலேயே தொங்கட்டும். இரண்டு பம்பு, இரண்டுக்கும் தனித்தனி பேட்டரி. மணிக்கு எத்தனை வாளி வருகிறது என்று எழுதி வையுங்கள். ஆறு மணிநேரத்துக்கு ஒருமுறை எண் இறங்கிக்கொண்டே போனால் பதறத் தேவையில்லை, ஒரு வாரம் வரை எடுக்கலாம். இறங்காமல் ஒரே எண்ணில் நின்றால் அது ஊற வேண்டிய சந்து கிடையாது. ஆணித் துளை, சுக்கான் குழாய், ஏராத் தண்டுப் பொருத்து, இந்த வரிசையில் பாருங்கள்.